‘முடியாது’ என்பதே முதலீடு

2023 ஜூன் 6 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கேஸ் அடுப்பு தோற்றுப்போனது. கேஸ் அடுப்புகளுக்கு மத்திய அரசு தடை கொண்டுவந்துவிடக் கூடாது என்று குடியரசுக் கட்சி இரண்டு மசோதாக்களைத் தயார்செய்து வைத்திருந்தது. சொந்த வாக்காளர்களைக் குஷிப்படுத்துவதைத் தவிர அவற்றுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. செனட்டும் வெள்ளை மாளிகையும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்ததால் அவை சட்டமாகப் போவதும் இல்லை. ஆனாலும் சபைக்கு ஒரு முறை இருக்கிறது. மசோதாவை விவாதத்துக்கு எடுக்குமுன், எவ்வளவு நேரம் பேசலாம், எந்தத் திருத்தங்களை அனுமதிக்கலாம் என்று வரையறுக்கும் நடைமுறைத் தீர்மானம் ஒன்று நிறைவேற வேண்டும். பெரும்பான்மைக் கட்சிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கும் சடங்கு அது. மசோதாவையே பிடிக்காதவர்கள்கூட அந்தத் தீர்மானத்தில் கட்சியோடு நின்றுவிடுவார்கள். அன்று குடியரசுக் கட்சியிலேயே பதினோரு தீவிர வலதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். 206க்கு 220 என்று தீர்மானம் விழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதினோரு பேருக்கும் அடுப்பின் மேல் எந்தக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் தங்கள் கட்சியின் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி மேல். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர் அதிபர் பைடனோடு பேசி, அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கடன் உச்சவரம்பைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றியிருந்தார். செலவை இன்னும் வெட்டியிருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். எங்கே வலிக்குமோ அங்கே அடிக்க ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது, அடுப்பு அகப்பட்டது. அடுத்த வாரமே அதே மசோதாக்கள் நிறைவேறிவிட்டன. சூடு பட்டது சபாநாயகருக்குத்தான்.

பதினோரு பேரில் பெரும்பாலோர் ‘ஃப்ரீடம் காகஸ்’ என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். தன் கட்சியையே பணயமாகப் பிடித்துவைக்கும் கலையில் இன்றைய ஜனநாயக நாடுகளில் இவர்களை விஞ்சிய குழு இருக்கிறதா என்று தெரியவில்லை. அமெரிக்கக் காங்கிரசின் நடவடிக்கைகளை இணையத்தில் நேரலையாகப் பார்ப்பது எனக்குப் பல வருடமாக இருக்கும் கெட்ட பழக்கம். கிரிக்கெட் பார்ப்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் குழு களத்தில் இருக்கும் நாட்களில் அங்கேயும் கடைசி ஓவர்கள் உண்டு.

குழுவின் கதையை 2015இலிருந்து தொடங்குவது வழக்கம். கொஞ்சம் பின்னால் போனால்தான் விஷயம் பிடிபடும். குடியரசுக் கட்சியின் தலைமை போதுமான அளவு வலதுசாரியாக இல்லை என்ற புகாரில் 1973இலேயே ‘ரிபப்ளிகன் ஸ்டடி கமிட்டி’ என்று ஒன்று உருவானது. பிற்காலத்தில் துணை அதிபரான மைக் பென்ஸ் அதன் தலைவராக இருந்தவர். இன்றைய சபாநாயகர் மைக் ஜான்சனும் இருந்தவர். அது வளர்ந்தது, அதுவே அதற்கு வினையாகவும் போனது. கட்சியின் பெரும்பகுதி அதில் சேர்ந்துவிட்ட பிறகு அது யாரை எதிர்த்துக் கலகம் செய்யும்? தீவிரமானவர்களுக்கு இன்னும் சிறிய, இன்னும் கடினமான ஒன்று தேவைப்பட்டது.

2014 டிசம்பரில் அதற்கான காரணமும் கிடைத்தது. ஏறத்தாழ 1,600 பக்கச் செலவு மசோதா ஒன்றை, வெளியிட்டு இரண்டு நாளில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார் அன்றைய சபாநாயகர் ஜான் பெய்னர். 219க்கு 206 என்று நிறைவேறியது. அதை யாரும் முழுதாகப் படித்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் என் அனுதாபம் முழுக்கக் கலகக்காரர்களுக்குத்தான். தலைவர்கள் நாலு பேர் அறைக்குள் முடிவுசெய்துவிட்டு, மற்றவர்களைப் பொத்தானை அழுத்த மட்டும் கூப்பிட்டால், தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு என்ன மரியாதை? அடுத்த மாதம் சபாநாயகர் தேர்தலில் இருபத்தைந்து குடியரசுக் கட்சியினர் பெய்னருக்கு வாக்களிக்கவில்லை. அவர்களில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த இருவரைத் தலைமை உடனே, நடைமுறைத் தீர்மானங்களைத் தயாரிக்கும் விதிகள் குழுவிலிருந்து தூக்கியது. மாத இறுதிக்குள், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடந்த கட்சி முகாமையொட்டி ஒன்பது பேர் புதிய குழுவைத் தொடங்கிவிட்டார்கள். ஹெர்ஷி சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். பிறந்த ஊரின் இனிப்பு குழுவுக்கு ஒட்டவில்லை.

அந்த ஒன்பது பேரின் பட்டியலை இன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதல் தலைவர் ஜிம் ஜோர்டன். பின்னாளில் ட்ரம்ப்பின் வெள்ளை மாளிகை நிர்வாகத்தைக் கவனித்த மிக் முல்வானி, மார்க் மெடோஸ் இருவரும் அதில் உண்டு. ஃப்ளோரிடா ஆளுநரான ரான் டிசாண்டிஸ் உண்டு. கட்சியையே விட்டு வெளியேறிய ஜஸ்டின் அமாஷும் உண்டு. கலகம் செய்ய வந்தவர்கள் எத்தனை பக்கம் சிதறிப் போகலாம் என்பதற்கு அந்த ஒரு பட்டியல் போதும்.

குழுவின் உள்விதிகளில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. அழைப்பின் பேரில் மட்டுமே உறுப்பினராகலாம். உறுப்பினர் பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை. உறுப்பினர்களில் எண்பது சதவீதம் பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், சில விதிவிலக்குகள் போக, மற்றவர்களும் அப்படியே வாக்களிக்க வேண்டும். கட்சிக் கட்டுப்பாட்டை மீறுவதற்கென்றே தொடங்கப்பட்ட குழு, தனக்குள் கட்சியைவிடக் கடுமையான கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது.

மிச்சமெல்லாம் கணக்கு. சபையில் 435 இடங்கள், பெரும்பான்மைக்கு 218. 2015இல் குடியரசுக் கட்சியிடம் 247 இடங்கள் இருந்தன. முப்பது பேர் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் கட்சி பெரும்பான்மையை இழக்கும். குழுவில் ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் சொல்வதை நடத்திக்காட்ட அந்த எண்ணிக்கை போதாது. எதையும் நடக்கவிடாமல் செய்யத் தாராளமாகப் போதும். கல்யாண வீட்டில் மண்டபத்து வாசலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும் பங்காளிக்கு எவ்வளவு உபசாரம் நடக்கும்! ஆனால் அந்த மரியாதை தாலி ஏறும்வரைதான். காகஸின் பலமும் வாக்கெடுப்புக்கு முந்தைய அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

2015 ஜூலையில் மெடோஸ், சபாநாயகர் பதவியைக் காலியானதாக அறிவிக்கக் கோரும் தீர்மானத்தைத் தாக்கல்செய்தார். 1910இல் ஜோசப் கேனன் என்ற சர்வாதிகாரச் சபாநாயகரின் காலத்தில் அப்படி ஒரு தீர்மானம் வாக்கெடுப்புவரை போய்த் தோற்றிருந்தது. கேனனுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள் குடியரசுக் கட்சியின் முற்போக்காளர்கள் என்பது தனிக் கதை. மெடோஸின் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. செப்டம்பர் 24 அன்று போப் பிரான்சிஸ் காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார். கத்தோலிக்கரான பெய்னர் பல வருடம் காத்திருந்த நாள் அது; கண்ணீர்விட்டார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். பத்திரிகையாளர்கள் முன் வந்தபோது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார் அந்த மனிதர். விட்டது தொல்லை என்று இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த இடத்துக்குக் காத்திருந்த மெக்கார்த்தி, எண்ணிக்கை தேறாது என்று தெரிந்து அக்டோபரில் ஒதுங்கிக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பால் ரையன் அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். ட்ரம்ப் வந்த முதல் வருடம், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மாற்றாகக் கட்சி கொண்டுவந்த மசோதாவைக் காகஸ் எதிர்த்து நின்றது. 2017 மார்ச் 24 அன்று ரையன் வாக்கெடுப்பையே கைவிட்டார். அடுத்த வாரம் ட்ரம்ப் ட்விட்டரில் காகஸைப் பெயர் சொல்லித் தாக்கினார். மே மாதம் திருத்தப்பட்ட மசோதா 217க்கு 213 என்று சபையில் நிறைவேறி, செனட்டில் செத்தது. ட்ரம்ப்பை நேருக்கு நேர் தடுத்துநிறுத்தி, அதற்காகத் தாங்கள் விரும்பியதில் ஒரு பகுதியையாவது வாங்கிக்கொண்டு போன காலம் அது. அதன் பிறகு உறவு வேறுமாதிரி ஆகிவிட்டது. 2019இல் ட்ரம்ப் மேல் பதவிநீக்க நடவடிக்கை வேண்டும் என்று பேசிய ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமாஷ்தான். குழுவில் அவருக்கு ஆதரவாக ஒரு குரலும் எழவில்லை. ஜூன் மாதம் குழுவை விட்டார், ஜூலை 4 அன்று கட்சியையும் விட்டார்.

பிறகு வந்தது 2023 ஜனவரி. குடியரசுக் கட்சிக்கு 222 இடங்கள்தான். நாலு பேருக்கு மேல் இழந்தால் சபாநாயகர் இல்லை. முதல் சுற்றில் பத்தொன்பது பேர் மெக்கார்த்திக்கு எதிராக வாக்களித்தார்கள். மூன்றாவது சுற்றில் இருபது ஆனார்கள். 1923க்குப் பிறகு முதல்முறையாகச் சபாநாயகர் தேர்தல் முதல் சுற்றைத் தாண்டியது. சபாநாயகர் இல்லாமல் யாரும் பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது. எனவே நாலு நாள் அமெரிக்காவுக்குப் பிரதிநிதிகள் சபை என்று ஒன்று நடைமுறையில் இல்லை. அதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. வழக்கமாகச் சபைக் கேமராக்கள் சபையின் கட்டுப்பாட்டில் இருக்கும், பேசுபவரை மட்டும் காட்டும். விதிகளே இன்னும் நிறைவேறாததால் சி-ஸ்பான் தொலைக்காட்சி அந்த வாரம் இஷ்டப்படி படம்பிடித்தது. யார் யாரிடம் குசுகுசுக்கிறார், யார் யாரை முறைக்கிறார் என்றெல்லாம் பார்க்கக் கிடைத்தது.

பதினான்காவது சுற்று இங்கே சனிக்கிழமை காலையில் வந்தது. தலைமைச் செயலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் காப்பி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மெக்கார்த்திக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது. கலகக்காரர்களில் ஒருவரான மாட் கேட்ஸ் யாருக்கும் வாக்களிக்காமல் ‘ஆஜர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கார்த்தியே நடந்துபோய் அவரிடம் மன்றாடினார். அலபாமாவின் மைக் ரோஜர்ஸ் கேட்ஸை நோக்கிப் பாய, இன்னொரு உறுப்பினர் பின்னாலிருந்து ரோஜர்ஸின் முகத்தைப் பிடித்து இழுத்தார்.

“இவர்களுக்கெல்லாம் கொறடா கிடையாதா, மாப்பிள்ளை?” என்றார் மாமனார்.

“இருக்கிறார் மாமா. ஆனால் கெஞ்சத்தான் முடியும்.”

“சீட்டுப் போகாதா?”

“போகாது.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நம்பாமல் பார்த்தார். அவர் அனுபவத்துக்கு அது நம்பக்கூடியதல்ல. இந்தியாவில் 1985இல் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை வந்த பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தவர் பதவியையே இழக்கலாம். அங்கே அப்படிச் சட்டம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். மறுபாதி இன்னும் முக்கியம்: வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவுசெய்வதில்லை. தொகுதியில் நடக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்கள் முடிவுசெய்கிறார்கள். எதிர்க்கட்சி ஜெயிக்கவே வாய்ப்பில்லாத தொகுதிகளிலிருந்து வரும் இந்த உறுப்பினர்களுக்கு அந்த உட்கட்சித் தேர்தலே பெரிய தேர்தல். தலைமையை எதிர்த்தால் அங்கே வாக்குக் கூடும். சபாநாயகர் என்ன செய்ய முடியும்? குழுப் பதவிகளைப் பிடுங்கலாம். அதையும் தொகுதியில் போய் வீரத்தழும்பாகக் காட்டிக்கொள்வார்கள்.

அந்தக் களேபரத்தில் இன்னொரு காட்சியும் பதிவானது. காகஸில் இருந்தும் மெக்கார்த்தியை ஆதரித்த மார்ஜரி டெய்லர் கிரீன் ஒரு கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். திரையில் ‘டி.டி.’ என்ற எழுத்துகள். மறுமுனையில் டொனால்ட் ட்ரம்ப். எதிரில் மான்டானாவின் மேட் ரோசன்டேல், வேண்டாம் என்று கையை வீசித் தள்ளுகிறார். முன்னாள் அதிபர், கட்சியின் மிகப்பெரிய சக்தி, அழைப்பில் காத்திருக்க, ஒரு சாதாரண உறுப்பினர் பேச மறுக்கிறார். அடுத்த சுற்றில் 216 வாக்குகளோடு மெக்கார்த்தி ஜெயித்தார்; ஆறு பேர் வெறுமனே ‘ஆஜர்’ என்று சொன்னதால் தேவையான எண்ணிக்கை குறைந்திருந்தது. விலை கொஞ்சமல்ல. விதிகள் குழுவில் கடும்போக்கினருக்கு மூன்று இடங்கள், மசோதாக்களைப் படிக்க 72 மணி நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால்கூடச் சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம் என்ற விதி. தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்தார் மெக்கார்த்தி.

ஒன்பது மாதம் தாங்கியது. அரசு முடங்காமல் இருக்க ஜனநாயகக் கட்சி வாக்குகளோடு தற்காலிகச் செலவு மசோதாவை நிறைவேற்றினார் என்று, 2023 அக்டோபர் 3 அன்று 216க்கு 210 என்ற கணக்கில் நீக்கப்பட்டார். அமெரிக்க வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் சபாநாயகர். எட்டுக் குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அந்த எட்டுப் பேரில் எல்லோருமே காகஸைச் சேர்ந்தவர்கள் அல்ல. முன்னின்ற கேட்ஸே அதன் உறுப்பினர் அல்ல. ஆனால் அவர்கள் கையிலிருந்த ஆயுதம் காகஸ் வாங்கிக்கொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான். காலியான நாற்காலிக்கு ஜிம் ஜோர்டனே வந்தார். பெய்னரை விரட்டிய குழுவின் முதல் தலைவர், இப்போது கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர். முதல் சுற்றில் 200 வாக்குகள், அடுத்து 199, மூன்றாவது சுற்றில் 194. சுற்றுக்குச் சுற்று இறங்கியது. அவரைத் தடுத்தவர்கள் நிதானப் போக்கினரும், செலவு மசோதாக்களைத் தயாரிக்கும் ஒதுக்கீட்டுக் குழுவினரும். இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாக நின்று ‘முடியாது’ என்றார்கள், அவ்வளவுதான். எட்டு வருடமாக எந்த வித்தையால் காகஸ் பிழைத்ததோ, அதே வித்தை. ஜோர்டனின் ஆதரவாளர்கள் கட்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மெக்கார்த்தி நீக்கப்பட்டு மூன்று வாரத்துக்குப் பிறகு, யாருக்கும் பகையாளியாக ஆகும் அளவுக்கு இன்னும் பிரபலமாகாத மைக் ஜான்சன் தேர்வானார்.

இத்தனை போராட்டத்தின் பலன் என்ன என்று கேட்டால், காகஸ்காரர்களுக்குப் பிடிக்காத பதில்தான் வரும். அவர்கள் எப்போதெல்லாம் கால்வாரிவிட்டார்களோ, அப்போதெல்லாம் சபாநாயகர் வாக்குக்காக எதிர்க்கட்சி வாசலுக்குப் போனார். எதிர்க்கட்சி அதற்கு விலை வாங்கியது. பெய்னர் போகும்போது நிறைவேற்றிய 2015 பட்ஜெட் ஒப்பந்தத்துக்குச் சொந்தக் கட்சியில் 79 வாக்குகள், ஜனநாயகக் கட்சியில் 187. 2023 கடன் ஒப்பந்தத்திலும் ஜனநாயகக் கட்சி வாக்குகளே அதிகம். 2024 ஏப்ரலில் உக்ரைன் உதவி மசோதாவைக் குடியரசுக் கட்சியில் 112 பேர் எதிர்த்தார்கள், 101 பேர் ஆதரித்தார்கள். மசோதா 311 வாக்குகளோடு நிறைவேறியது. செலவைக் குறைக்கக் கிளம்பியவர்களின் பிடிவாதம், செலவை விரும்புகிறவர்களைப் பேரத்தின் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

உள்ளேயும் களையெடுப்பு நடந்தது. மெக்கார்த்தியோடு நெருங்கியதும் சக உறுப்பினர் லாரன் போபர்ட்டைச் சபையிலேயே திட்டியதும் சேர்ந்து, 2023 கோடையில் கிரீன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். குழுத் தலைவர் பாப் குட் 2024 அதிபர் போட்டியில் முதலில் டிசாண்டிஸை ஆதரித்தார். ட்ரம்ப் அதை மறக்கவில்லை. வர்ஜீனியாவில் நடந்த உட்கட்சித் தேர்தலில் குட்டுக்கு எதிராக நின்றவரை ஆதரித்தார். நானூறுக்கும் குறைவான வாக்குகளில் குட் தோற்றார். காகஸின் தலைவரையே காகஸின் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் அதன் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். 2025 ஜனவரி 3 அன்று ஜான்சன் மறுபடி சபாநாயகர் தேர்தலில் நின்றார். தாமஸ் மாஸி, ரால்ஃப் நார்மன், கீத் செல்ஃப் என்று மூன்று பேர் வேறு பெயர்களைச் சொன்னார்கள். ஜான்சனுக்குப் பெரும்பான்மை இல்லை. வாக்கெடுப்பை முடிக்காமல் நிறுத்திவைத்தார்கள். நார்மனும் செல்ஃபும் ஒதுக்கமாக அழைத்துப்போகப்பட்டார்கள். கைப்பேசியில் ட்ரம்ப். இந்த முறை யாரும் கையை வீசவில்லை. இருவரும் திரும்பி வந்து வாக்கை மாற்றினார்கள். ஒருவர் நினைத்தால் சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்ற விதியும் போனது. இனி ஒன்பது பேர் வேண்டும்.

ஜூலையில் ட்ரம்ப்பின் மாபெரும் வரி மசோதா செனட்டிலிருந்து திரும்பி வந்தது. பத்து ஆண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டிருந்தது. கடன் உச்சவரம்பு 5 லட்சம் கோடி டாலர் உயர்ந்தது. 2023இல் கடன் உச்சவரம்பைத் தள்ளிவைத்ததற்காக அடுப்பைக் கவிழ்த்தவர்கள் இவர்கள். செனட் வடிவத்தில் என்னென்ன கோளாறு என்று காகஸ் ஒரு குறிப்பே எழுதிச் சுற்றுக்கு விட்டது. இரவெல்லாம் நடைமுறைத் தீர்மானத்தை இழுத்துப் பிடித்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் அது நிறைவேறியது. அன்று மதியத்துக்குப் பிறகு மசோதா 218க்கு 214 என்று முடிந்தது. எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர்: பென்சில்வேனியாவின் நிதானப் போக்காளர் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக், கென்டக்கியின் மாஸி. இருவரும் காகஸ் உறுப்பினர்கள் அல்ல.

நாற்பது பேர் ஒரு சபாநாயகரை மண்டியிட வைக்கலாம், ஏனென்றால் அவர்களுடைய வாக்காளரிடம் அவருக்குச் செல்வாக்கு இல்லை. வாக்காளரே எதிராளியின் பக்கம் இருக்கும்போது, எண்பது சதவீத விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர்கள் நம்பிய கணக்கு கடைசிவரை சபைக்குள்ளேயே இருந்துவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான அரசு ஆவணங்களை வெளியிடச் சொல்லும் மசோதாவைத் தலைமையின் விருப்பத்தை மீறிச் சபைக்குக் கொண்டுவரும் மனுவில் 218 கையெழுத்துகள் சேர்ந்தன. ஜனநாயகக் கட்சியினரோடு கையெழுத்திட்ட குடியரசுக் கட்சியினர் நான்கு பேர்: மாஸி, போபர்ட், நான்சி மேஸ், காகஸிலிருந்து நீக்கப்பட்ட கிரீன். வாக்கெடுப்பு நாளில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. வெள்ளை மாளிகையில் வைத்து வற்புறுத்தியும் போபர்ட் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. கிரீனை ட்ரம்ப் துரோகி என்றார். அடுத்த ஒரு வாரத்துக்குள், 2026 ஜனவரி 5 முதல் பதவி விலகுவதாக அவர் அறிவித்தார். காகஸ் அவரை வெளியேற்றியபோது அவர் அதைக் கண்டுகொண்டதாகக்கூடத் தெரியவில்லை.